எனக்கு 9, தம்பிக்கு 11: ஐயூஎல் பாலிசியோடு எட்டு வருடம்

போன வாரம் டாலஸில் இருக்கும் சித்தி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினான். "அக்கா, நீங்க வச்சிருக்கீங்களே, அதே கம்பெனி, அதே ஐயூஎல். போடலாமா?" என்று கீழே ஒரு கேள்வி. ஐயூஎல் என்பது, உள்ளே சேரும் பணத்துக்குப் பங்குச் சந்தைக் குறியீட்டைப் பார்த்து வட்டி தரும் ஆயுள் காப்பீடு. திறந்து பார்த்தேன். இரண்டாம் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: எஸ் அண்ட் பி 500, ஓராண்டுக் கணக்கு, கேப் 11 சதவீதம். அதாவது, அமெரிக்கப் பெரிய கம்பெனிகளின் பங்குக் குறியீடான எஸ் அண்ட் பி 500 ஓராண்டில் எவ்வளவு ஏறினாலும், நமக்கு வரவு 11 சதவீதத்தைத் தாண்டாது.

மார்ச் மாதம் எனக்கு வந்த ஆண்டுக் கடிதத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். அதே கம்பெனி, அதே குறியீடு, அதே ஓராண்டுக் கணக்கு. என் கேப் 9.

தம்பிக்குப் பதில் சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத நீண்டுவிட்டது. இங்கே அமெரிக்காவில் நம்மவர்களிடம் இந்த பாலிசி ஏகத்துக்கும் விற்கப்படுகிறது, அதனால் பொதுவிலேயே போடுகிறேன். ஐயூஎல், கேப், ஃப்ளோர் (சந்தை விழுந்தாலும் வட்டி இதற்குக் கீழே போகாது என்ற அடிமட்டம், என் பாலிசியில் 0) பற்றி இதற்கு மேல் பாடம் எடுக்கப் போவதில்லை. அதை விற்க வருகிறவர் நன்றாகவே சொல்லுவார்.

என் விவரம் இதுதான். நியூஜெர்சி. 2017 மார்ச் 20 அன்று பாலிசி தொடங்கியது. அப்போது எனக்கு வயது 36. ஐந்து லட்சம் டாலர் காப்பீடு, ஆண்டுக்கு 6,000 டாலர் பிரீமியம், மொத்தமாக மார்ச்சிலேயே கட்டுவேன். அதே மாதம் என் கணவர் வேறொரு மியூச்சுவல் கம்பெனியில் (பாலிசிதாரர்களுக்கே சொந்தமான கம்பெனி) மூன்று லட்சத்துக்கு ஹோல் லைஃப் (ஆயுள் முழுக்க நிற்கும், உத்தரவாதமான சேமிப்பும் உள்ள பாலிசி) எடுத்தார், ஆண்டுக்கு 4,000 டாலர். ஆக, ஒரே வீட்டில் இரண்டு விதமான நிரந்தர பாலிசி, எட்டு வருடமாக.

முதலில் கேப். வாங்கும்போது எனக்குச் சொன்னது 12.5. இல்லஸ்ட்ரேஷனில் (பணம் எப்படி வளரும் என்று விற்கும்போது காட்டும் மாதிரிக் கணக்கு) அந்த 12.5-ஐ அடிப்படையாக வைத்து, ஆண்டுக்கு 6.75 சதவீதம் வீதம் என் 65 வயது வரை எண்களை அடுக்கியிருந்தார்கள். 2018-இல் 12 ஆனது. அடுத்த வருடம் 11.5. 2020-இல் 11. 2021-இல் ஒரே தாவலில் 9. அன்றிலிருந்து அங்கேயே நிற்கிறது.

ஏன் இறங்கியது என்பதை நான் உட்கார்ந்து படித்துப் புரிந்துகொண்டேன், கம்பெனி பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். நம் பணம் பங்குச் சந்தைக்குப் போவதில்லை. கம்பெனி அதைப் பெரும்பாலும் கடன் பத்திரங்களில் போடுகிறது. அதில் வரும் வட்டியைக் கொண்டு எஸ் அண்ட் பி 500 மீது ஆப்ஷன் (குறியீடு ஏறினால் பணம் தரும் ஒப்பந்தம்) வாங்குகிறது. வட்டி குறைந்தால் ஆப்ஷன் வாங்கக் காசு குறையும், கேப் இறங்கும். 2020-இல் பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் வட்டி ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது நினைவிருக்கும். அந்தக் காலத்தில் கேப் இறங்கியது எனக்குப் புரிகிறது.

புரியாதது அதற்கப்புறம் நடந்தது. 2022-இலிருந்து வட்டி ஏறிவிட்டது. புதிதாக வருகிற பணம் நல்ல வட்டிப் பத்திரத்தில் போகிறது, அதனால் புதியவருக்கு 11. பழையவர்களின் பணம் இன்னும் குறைந்த வட்டிப் பத்திரங்களில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் எனக்கு 9. வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண் பொறுமையாக இதைத்தான் விளக்கினார். ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்தால், கேப் 4 வரை இறங்கலாம், அதற்கு மேல் தருவதெல்லாம் கம்பெனியின் விருப்பம் என்று தெளிவாகவே இருக்கிறது. கையெழுத்துப் போட்டது நான்தான். ஆனாலும் எட்டு வருடம் தவறாமல் கூடவே இருந்தவளுக்கு 9, இன்றைக்கு வாசற்படி ஏறுகிறவனுக்கு 11 என்றால் வயிறு எரிகிறது. நான் வெளியேறவும் முடியாது, சரண்டர் சார்ஜ் (பாலிசியைச் சீக்கிரம் மூடினால் பிடித்துக்கொள்ளும் கட்டணம்) இன்னும் 6,400 டாலர் இருக்கிறது. அதுவும் அவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது பூஜ்யம். "சந்தை எவ்வளவு விழுந்தாலும் உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம்" என்பதுதான் எனக்கு இதை விற்ற அக்காவின் முதல் வாக்கியம். ஒரு பொங்கல் விழாவில் அறிமுகமானவர், பகலில் ஐடி வேலை, வார இறுதியில் இன்ஷூரன்ஸ். நல்ல மனுஷி. தானும் அதே பாலிசியை வைத்திருந்தார், நம்பித்தான் விற்றார்.

2019 மார்ச் 20-இல் எஸ் அண்ட் பி 500 இருந்தது 2824. சரியாக ஒரு வருடம் கழித்து, கொரோனா பயத்தின் உச்சத்தில், 2304. பதினெட்டு சதவீதம் காலி. எனக்கு வரவு வைத்தது 0. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். ஆனால் அந்த வருடமும் பிரீமியத்தில் 6 சதவீதம் கழித்தார்கள், அது 360 டாலர். மாதாமாதம் காப்பீட்டுச் செலவும் நிர்வாகக் கட்டணமுமாக 110 டாலர் எடுத்தார்கள். மொத்தம் 1,680 டாலர் குறைந்தது. 2022 மார்ச் முதல் 2023 மார்ச் வரையும் இதே கதை: சந்தை விழுந்தது, வரவு 0, கழிவு 1,680. பூஜ்யம் என்பது வட்டிக்குத்தான், கணக்குக்கு இல்லை. தம்பி, இந்த ஒரு வரியை மட்டும் அந்த பிடிஎஃப்பின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்.

விழுந்த சந்தை எழுந்தபோது நடந்ததையும் சொல்கிறேன். 2304-லிருந்து அடுத்த மார்ச்சில் 3913. எழுபது சதவீத ஏற்றம். என் கேப் 11. என் கணக்கிலிருந்த சுமார் 12,500 டாலருக்கு வரவு 1,380 டாலர். முழு ஏற்றமும் கிடைத்திருந்தால் 8,700 வந்திருக்கும். விழும்போது தாங்கினார்களே, எழும்போது அதற்கு விலை எடுத்துக்கொள்வார்கள்தானே என்று மனதைச் சமாதானப்படுத்தினேன். கணக்காக அது சரிதான். ஆனால் அந்தத் தேதியில், அந்த எண்ணைப் பார்க்கும்போது சரியாகப் படவில்லை.

இப்போது இந்த பாலிசியை நான் திட்ட முடியாத இடத்துக்கு வருகிறேன்.

2020 மார்ச்சில் என் கணவரின் வேலை போனது. எச்1பி விசா. அறுபது நாளுக்குள் அடுத்த வேலை கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். அதே மாதம் இரண்டு பாலிசிக்கும் 10,000 டாலர் பிரீமியம். "உங்க பாலிசிதான் உங்க சொந்த பேங்க்" என்று சொல்லியிருந்தார்களே, அதை நம்பி எவ்வளவு கடன் எடுக்கலாம் என்று கேட்டேன். மூன்று வருடத்தில் 18,000 டாலர் கட்டியிருந்தேன். கடன் கிடைக்கும் என்றது 3,700 டாலர். மீதியெல்லாம் சரண்டர் சார்ஜுக்குள் பூட்டிக் கிடந்தது. அன்றைக்கு நான் அழுதேன்.

ஆனால் அடுத்த கேள்விக்கு வந்த பதில் வேறு. "இந்த வருடம் பிரீமியம் கட்டாவிட்டால்?" என்றேன். கட்ட வேண்டாம் என்றார்கள். கணக்கில் இருக்கும் பணத்திலிருந்து மாதக் கழிவு போய்க்கொண்டிருக்கும், காப்பீடு அப்படியே நிற்கும், அபராதம் இல்லை, வட்டி இல்லை, பின்னால் கட்டியே தீர வேண்டும் என்றும் இல்லை. அந்த வருடம் நான் ஒரு டாலர்கூடக் கட்டவில்லை. அடுத்த வருடம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

ஹோல் லைஃபில் அப்படி முடியாது. பிரீமியம் என்றால் பிரீமியம்தான். கணவரின் பாலிசியில் தானியங்கிப் பிரீமியக் கடன் என்று ஒரு வசதி இருந்ததால் அது காலாவதியாகாமல் தப்பித்தது. அதாவது, பாலிசிக்குள் சேர்ந்திருந்த பணத்தின் (கேஷ் வேல்யூ) மீது கடன் எடுத்து அவர்களே கட்டிக்கொண்டார்கள். அந்த 4,000 டாலரை வட்டியோடு அடைக்க எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஐம்பத்து மூன்று நாட்களில் (ஐம்பத்து மூன்றாம் நாள் வேலை கிடைத்தது) என் பாலிசி எங்களிடம் எதையும் கேட்கவில்லை. இதை நான் மறக்க மாட்டேன்.

சரி, எட்டு வருடக் கணக்கு. நான் ஏழு முறை கட்டியது 42,000 டாலர். கணக்கில் இருப்பது சுமார் 38,400. இன்றைக்கே மூடினால் கையில் 32,000. கணவர் கட்டியது 32,000, அவருடைய கேஷ் வேல்யூ 28,000, சரண்டர் சார்ஜ் என்று எதுவும் இல்லை. அவருடைய காப்பீட்டுத் தொகையும் டிவிடெண்டால் (கம்பெனி தன் லாபத்தில் தரும் பங்கு) மூன்று லட்சத்திலிருந்து மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரமாக வளர்ந்திருக்கிறது. ஹோல் லைஃபிலும் டிவிடெண்டுக்கு உத்தரவாதம் கிடையாது, அதுவும் ஏறி இறங்கும். ஆனால் ஒருமுறை கொடுத்ததைத் திரும்ப எடுக்க மாட்டார்கள், உத்தரவாதமான கேஷ் வேல்யூ வருடவாரியாகப் பாலிசியிலேயே அச்சாகி இருக்கிறது. அவருக்கு வருகிற ஆண்டுக் கடிதத்தை அவர் பிரிக்காமலேயே மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார். எனக்கு வருவதை நான் நின்றபடியே பிரிப்பேன். எண்களைவிட இந்த வித்தியாசம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். என் பாலிசிக்கு எட்டு வருடத்தில் கிடைத்த வட்டி, கழிவுகளுக்கு முன், கூட்டுவட்டியாகப் பார்த்தால் ஆண்டுக்கு 6.6 சதவீதம். காட்டிய 6.75-க்குக் கிட்டத்தட்ட சமம். ஏமாற்றினார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த எட்டு வருடத்தில் எஸ் அண்ட் பி 500 போனது 2373-லிருந்து 5662-க்கு, டிவிடெண்ட் இல்லாமலே ஆண்டுக்கு 11.5 சதவீதம். இவ்வளவு நல்ல காலத்திலேயே காட்டிய எண்ணைத் தொடத்தான் முடிந்தது என்றால், சந்தை ஐந்தாறு வருடம் சோம்பிக் கிடந்தால் 9 கேப்பை வைத்துக்கொண்டு என்ன ஆகும்? அதற்குள் எனக்கு வயதும் கூடும், மாதாமாதம் கழிக்கிற காப்பீட்டுச் செலவும் கூடும். ஐயூஎல்லில் அந்தச் செலவு வயதோடு ஏறிக்கொண்டே போகும், அறுபதுக்கு மேல் வேகமாக ஏறும். ஹோல் லைஃபில் பிரீமியம் கடைசிவரை ஒரே தொகை.

டெர்ம் (குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும், சேமிப்பு இல்லாத காப்பீடு) எடுத்திருந்தால்? 36 வயதில் ஐந்து லட்சத்துக்கு இருபது வருட டெர்ம் மாதம் 25 டாலருக்குக் கேட்டிருந்தார்கள். மிச்சம் ஆண்டுக்கு 5,700 டாலரை அதே மார்ச் 20 தேதிகளில் எஸ் அண்ட் பி ஃபண்டில் போட்டு, 2020-ஐ அதிலும் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டேன். டிவிடெண்ட் சேர்க்காமலே 66,000 டாலர் அளவில் வருகிறது. என் 32,000-க்குப் பக்கத்தில் அதை எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் காகிதத்தைக் கணவரிடம் இன்னும் காட்டவில்லை.

வேரியபிள் யுனிவர்சல் பற்றியும் தம்பி கேட்டிருந்தான். அதில் பணம் நேரடியாக ஃபண்டுகளில் போகும், கேப்பும் இல்லை ஃப்ளோரும் இல்லை. அதை விற்கப் பங்குப் பத்திர உரிமம் வேண்டும். ஐயூஎல்லை விற்க ஆயுள் காப்பீட்டு உரிமம் ஒன்றே போதும், நம் விழாக்களில் இது மட்டும் அதிகம் புழங்க அதுவும் ஒரு காரணம். முதல் வருடப் பிரீமியத்தில் பெரும்பகுதி கமிஷனாகப் போய்விடும் என்பது இன்னொரு காரணம். காப்பீட்டுத் தொகை மட்டும்தான் வேண்டும், சேமிப்பு தேவையில்லை என்பவர்களுக்கு உத்தரவாத யுனிவர்சல் என்று ஒன்று இருக்கிறது. கேஷ் வேல்யூ பெரிதாகச் சேராது, ஆனால் சொன்ன பிரீமியத்தைச் சொன்ன தேதியில் கட்டினால் காப்பீடு நிற்கும்.

ஐயூஎல் இல்லஸ்ட்ரேஷன்களை மாநிலக் காப்பீட்டு ஆணையர்களின் கூட்டமைப்பு 2015-இல் முதலில் கட்டுப்படுத்தியது, 2020-இல் இறுக்கியது, 2023 மே மாதம் மறுபடி இறுக்கியது. மூன்று முறை இறுக்க வேண்டியிருந்தது என்றால் அந்தக் காகிதத்தை எவ்வளவு நம்பலாம் என்று நீயே யோசித்துக்கொள் தம்பி. 65 வயதில் வரியில்லாமல் கடனாக எடுத்துச் சாப்பிடலாம் என்ற பக்கத்தையும் அப்படித்தான் படிக்க வேண்டும். கடன் இருக்கும்போது பாலிசி காலாவதியானால், அதுவரை சேர்ந்த லாபம் முழுக்க அந்த ஒரே வருட வருமானமாகி வரி வந்து நிற்கும். கையில் பணம் இருக்காது, வரி மட்டும் இருக்கும்.

ஆகவே உனக்கு என் பதில்: போடாதே. இருபது வருட டெர்ம் எடு. பின்னால் நிரந்தர பாலிசியாக மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளதாகப் பார்த்து எடு. நிரந்தரமே வேண்டும் என்று தோன்றினால் ஹோல் லைஃப். பிரீமியத்தைத் தவறாமல் கட்ட முடியும் என்ற தொகைக்கு மட்டும்.

"அப்போ நீங்க மூடிடப் போறீங்களா அக்கா?" என்று கேட்பாய். இல்லை. 2022-இல் எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. இன்று 44 வயதில் அதே ஐந்து லட்சத்துக்குப் புதிதாக டெர்ம் கேட்டுப் பார்த்தேன், அன்றைக்குச் சொன்னதைப் போல நான்கு மடங்கு சொன்னார்கள். இந்தப் பழைய பாலிசி என்னை 36 வயதுக்காரியாக, நோயில்லாதவளாக வைத்திருக்கிறது. பிள்ளைகளுக்குப் பன்னிரண்டும் ஒன்பதும். இன்று காலை கம்பெனியைக் கூப்பிட்டு, 9 கேப்பில் ஒன்றும், 4 சதவீத வட்டியில் ஒன்றுமாக இரண்டு புதிய இல்லஸ்ட்ரேஷன் கேட்டிருக்கிறேன். பத்து நாளில் தபாலில் வரும் என்றார்கள். வந்ததும் படம் பிடித்து உனக்கு அனுப்புகிறேன், அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே.