சோதனை விமானிகளின் கையெழுத்து: படமா, அஞ்சல் உறையா?

பதினொரு வருடமாக ராணுவச் சோதனை விமானிகளின் கையெழுத்துகளைச் சேர்த்து வருகிறேன். ஆரம்பத்தில் வாங்கியதெல்லாம் பெரிய வண்ணப் படங்கள். இப்போது வாங்குவது அஞ்சல் உறைகள் மட்டும்தான், அதாவது தபால்தலை ஒட்டி முத்திரை குத்திய நினைவு உறைகள். அதனால் இந்த ஒப்பீடு உறையின் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

பார்வைக்கு எது அழகு என்றால் பேச்சே இல்லை, படம்தான். ஆரஞ்சு நிற பெல் எக்ஸ்-1 விமானத்தின் பக்கத்தில் அமெரிக்க விமானப்படைச் சோதனை விமானி சக் யேகர் நிற்கிறார், குறுக்கே அவருடைய கையெழுத்து. அதைச் சுவரில் மாட்டினால் அறைக்கே ஒரு களை வந்துவிடும். உறை சின்னது. கையில் எடுத்துப் பார்த்தால்தான் அருமை தெரியும்.

என் மனதை மாற்றியது மை. பளபளப்பான படத்தில் சாதாரணப் பேனா சரியாக ஓடாது, மார்க்கரில்தான் போடுவார்கள். வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் மார்க்கர் மை வெளுக்கும். ஒரு படத்தை ஜன்னலுக்கு எதிரே, நேர் வெயில் படாத சுவரில்தான் மாட்டியிருந்தேன். நான்காவது வருடம் தூசி தட்டக் கழற்றினேன். ஃபிரேமின் விளிம்பு மறைத்திருந்த கடைசி எழுத்தின் வால் மட்டும் கருநீலமாக இருந்தது. மற்ற எழுத்தெல்லாம் வெளிறிய ஊதா. அன்றைக்கே எல்லாப் படங்களையும் இறக்கிப் பெட்டியில் வைத்துவிட்டேன். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போடலாம். அது வெளுப்பதைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. சுவரில் மாட்டத்தான் படம் வாங்குகிறோம். மாட்டவே கூடாது என்றால் அப்புறம் எதற்கு அவ்வளவு பெரிய படம்?

உறைகளில் பெரும்பாலும் பேனா கையெழுத்துதான். அந்த மையும் வெளிச்சத்தில் வெளுக்கும். ஆனால் உறையின் இடம் ஆல்பம், மூடினால் இருட்டு. பிவிசி கலக்காத பாலியெஸ்டர் தாளுக்குள் செருகி, ஈரம் இல்லாத அலமாரியில் வைத்தால் போதும். பராமரிப்பு அவ்வளவுதான்.

உறைக்கு இன்னொரு பலம், அதன் மேல் இருக்கும் தேதி. யேகர் 1947 அக்டோபர் 14 அன்று மாக் 1.06 வேகத்தில் பறந்து ஒலியின் வேகத்தைத் தாண்டினார். அதன் ஐம்பதாவது ஆண்டு நாளில், 1997இல், எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் அமெரிக்க அஞ்சல் துறை 32 சென்ட் தபால்தலை வெளியிட்டது. அன்றைய முத்திரை உள்ள உறையில் அவர் கையெழுத்து இருந்தால், அது 74 வயதிலோ அதற்குப் பிறகோ போட்டதாக இருக்க வேண்டும். 2020 டிசம்பரில் அவர் காலமானார். ஆக, அந்த இருபத்து மூன்று வருடத்துக் கையெழுத்தோடு ஒப்பிட்டாலே போதும். நிஜமான உறையில் போலிக் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லவில்லை. தேடும் எல்லை சுருங்குகிறது, அதுவே பெரிய உதவி.

அப்பல்லோ காலத்தில் விண்வெளி வீரர்களான சோதனை விமானிகள் பக்கம் போனால் ஆளுக்குப் பதிலாகக் கையெழுத்தைப் போட்டுவிடும் ஆட்டோபென் இயந்திரத்தின் தொல்லை உண்டு. காகிதத்தில் பால்பாயிண்ட் கையெழுத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மனிதக் கை வளைவில் அழுத்தும், முடிவில் இலேசாகித் தூக்கும். இயந்திரத்துக்கு ஒரே அழுத்தம்தான். பளபளப்பான படத்தில் மார்க்கர் போட்டிருந்தால் இந்தத் தடயம் கிடைப்பது கஷ்டம்.

ஓவியப் பிரிண்டுகளின் வெள்ளை ஓரத்தில் விமானிகள் பென்சிலில் கையெழுத்திடுவதும் உண்டு. பென்சிலின் கிராஃபைட் கரிதான், வெளுக்காது. மாட்டியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் வந்து இரண்டு வருடம்தான். மறுவிற்பனை பற்றியும் இரண்டு படங்களை விற்ற அனுபவமே எனக்கு. வெளுத்ததற்கு வாங்கிய விலையில் பாதிகூட வரவில்லை, வெளுக்காதது போட்ட காசை எடுத்தது.

இப்போது தேடுவது பிரிட்டிஷ் கடற்படைச் சோதனை விமானி எரிக் பிரவுன் கையெழுத்திட்ட உறை. 487 வகை விமானங்களை ஓட்டிய கை அது. பிரிட்டனின் ராயல் விமானப்படை அருங்காட்சியக உறைகளில், அந்த உறை எந்த விமானத்தில் எங்கிருந்து எங்கே பறந்தது என்றும் அச்சிட்டிருப்பார்கள். அப்படிப் பறந்துவந்த உறையில் அவர் கையெழுத்து கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.