கார்மின் ஜி5: அடிவானம் அருமை, திசைக்கு இறக்கையைத் திறந்து பாருங்கள்

"வக்கியூம் பம்பைக் கழற்றிவிட்டு இரண்டு ஜி5 போடலாமா அண்ணை, காசுக்குப் பெறுமதியா?" செஸ்னா 172 வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது. திருகோணமலைச் சீனக்குடாவில், கடற்காற்று அடிக்கும் வெளியில் மூன்று வருடம் நின்ற ஒரு 172இன் அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன். ஜி5 என்பது கார்மினின் சிறிய மின்னணு விமானக் கருவி: ஒன்று அடிவானத்தை (விமானத்தின் சாய்வை) காட்டும், இரண்டாவது திசையைக் காட்டும். அது இடம்பிடிக்கும் பழைய கருவிகளில் கைரோ என்ற சுழல் சக்கரம் இருக்கும், அதைக் காற்றை உறிஞ்சிச் சுழற்றுவதுதான் வக்கியூம் பம்ப்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் கோபம் வரும். சான்றிதழ் பெற்ற சிறு விமானங்களுக்கு 2016இல் ஜி5 வந்தபோது அடிவானக் கருவியின் விலை 2,149 டொலர். அதற்கு முன் சான்றிதழ் விமானத்தில் மின்னணு அடிவானம் வேண்டுமென்றால் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. பழைய 3⅛ அங்குல ஓட்டையிலேயே உட்காருகிறது, முகப்புத் தகட்டை வெட்டத் தேவையில்லை. 14 வோல்டிலும் வேலை செய்யும், 28 வோல்டிலும் வேலை செய்யும். மின்சாரம் போனாலும் அதன் சொந்தப் பற்றரியில் 4 மணிநேரம் வரை நிற்கும். இரண்டு இருந்தால், மேலே உள்ளது செத்தாலும் கீழே உள்ளது அடிவானமாக மாறிவிடும். வக்கியூம் பம்பை நம்பிப் பறந்தவர்களுக்கு இந்த ஒன்றே போதும். உலர் பம்பின் கார்பன் தகடுகள் தேயத் தேய முனகுவதில்லை, ஒருநாள் திடீரென்று நொறுங்கிப் போகும். அதன்பின் அடிவானம் உடனே விழுவதும் இல்லை. கைரோ வேகம் குறையக் குறைய மெல்லச் சாயும், விமானியும் அதை நம்பிக் கூடவே சாய்வார். ஜி5இன் அடிவானத்தில் மூன்று வருடத்தில் ஒரு குறையும் இல்லை. வெயில் நேரே விழும் மாலையிலும் திரை தெளிவு.

திசை காட்டும் இரண்டாவது ஜி5இன் சுகமும் உண்மையானது. பழைய கைரோ வழுகும். கால் மணிக்கொருமுறை திசைகாட்டியைப் பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும். இதில் இறக்கைக்குள் இருக்கும் ஜிஎம்யு 11 காந்தமானி அந்த வேலையைத் தானே செய்கிறது. செய்யும், அதைச் சரியான இடத்தில் வைத்திருந்தால்.

இந்த விமானத்தில் வைத்திருக்கவில்லை.

கோளாறு வெளிப்பட்ட விதம் முக்கியம். சோளகக் காலத்தில் எல்லாம் சரி. வாடை தொடங்கி மழை வந்ததும் திசை பிழைக்கிறது. சீனக்குடாவிலிருந்து இரத்மலானைக்குத் தென்மேற்காக ஏறக்குறைய 130 கடல் மைல். ஜிபிஎஸ் தடம் சரி, ஆனால் மூக்கின் திசைக்கும் தடத்துக்கும் நடுவே 8 பாகை இடைவெளி. 105 நொட்ஸில் 8 பாகை என்றால் 15 நொட்ஸ் குறுக்குக் காற்று என்று பொருள். வாடைக் காலத்தில் அதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். காற்றுத்தான் என்று எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். ஆனால் கண்ணாடியில் தொங்கும் சாதாரணத் திசைகாட்டி வேறு எண்ணைச் சொன்னது.

இங்கேதான் நம் ஊரின் ஒரு சிறப்பைச் சொல்ல வேண்டும். காந்த நிலநடுக்கோடு தென்னிந்தியாவையும் இலங்கையையும் ஒட்டிப் போகிறது. பூமியின் காந்தப் புலம் இங்கே கிட்டத்தட்டத் தரைக்குச் சமாந்தரமாகக் கிடக்கிறது. திரவத் திசைகாட்டியில் திரும்பும்போதும் வேகம் கூட்டும்போதும் வரும் பிழைகள் புலம் கீழ்நோக்கிச் சாய்வதால் வருபவை. வடக்கு நாடுகளின் பாடப்புத்தகம் பக்கம் பக்கமாக எச்சரிக்கும் அந்தப் பிழைகள் திருகோணமலையில் பெயருக்குத்தான் இருக்கின்றன. ஆகவே இங்கே ஜி5ஐயும் திசைகாட்டியையும் ஒப்பிட்டால் திசைகாட்டியைத் தாராளமாக நம்பலாம். எஸ்டிசி, அதாவது ஜி5ஐப் பொருத்த அனுமதிக்கும் துணை வகைச் சான்றிதழ், அந்தத் திசைகாட்டியைக் கழற்றவும் விடாது. விடக்கூடாது.

திசை பிழைத்ததற்குக் காரணம் பிட்டோ ஹீற்றர், அதாவது வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயைப் பனி அடைக்காமல் சூடாக்குவது. 172இல் பிட்டோ குழாய் இடது இறக்கையில் இருக்கிறது. ஃபிளாப் மோட்டார் வலது இறக்கையில் இருப்பதால் காந்தமானியை இடதில் போடுவது சரியான முடிவுதான். ஆனால் பொருத்திய பட்டறை அதை ஹீற்றர் வயர் போகும் விலாவிலேயே (இறக்கையின் உள்சட்டத்திலேயே), வயருக்கு 15 சென்ரிமீற்றர் மேலே பூட்டியிருந்தது. ஹீற்றர் சுமார் 100 வாட், 14 வோல்டில் 7 ஆம்பியர். போகும் மின்னோட்டம் வயரில் போகிறது, திரும்பும் மின்னோட்டம் இறக்கைத் தகடு வழியாகப் பரவி வருகிறது. ஆகவே ஒன்றையொன்று அழிக்காது, ஒற்றை வயராகவே கணக்கு. ஆம்பியரை 0.2 ஆல் பெருக்கி, மீற்றரில் தூரத்தால் வகுத்தால் மைக்ரோடெஸ்லா வரும். 7 ஆம்பியர், 0.15 மீற்றர்: 9.3 மைக்ரோடெஸ்லா. இங்கே பூமியின் கிடைப்புலம், அதாவது தரைக்குச் சமாந்தரமான காந்தப் புலம், சுமார் 40 மைக்ரோடெஸ்லா. இரண்டும் செங்குத்தாகச் சந்திக்கும்போது 13 பாகை பிழை.

செங்குத்தாகச் சந்திக்கும்போது என்பதைக் கவனியுங்கள். வயர் இறக்கை நீளத்துக்குப் போகிறது, காந்தமானிக்கு நேர் கீழே. அதன் புலம் மூக்கு-வால் திசையில் விழும். விமானம் வடக்கோ தெற்கோ நோக்கினால் அது பூமியின் புலத்தோடு ஒரே கோட்டில் சேர்ந்துவிடும், பிழை பூச்சியம். கிழக்கோ மேற்கோ நோக்கினால் முழுப் பிழையும் வரும். சீனக்குடாவின் ஓடுபாதை 06இல், அதாவது ஏறக்குறைய 60 பாகைத் திசையில், நின்றால் 10 பாகைக்கு மேல். வடக்கே மூக்கை வைத்து ஹீற்றரைப் போட்டுப் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று கையெழுத்து வைக்கலாம், அது பொய்யும் அல்ல. ஆனால் சோதனையும் அல்ல. வயர் காந்தமானிக்கு முன்னால் அதே உயரத்தில் போனால் இன்னும் மோசமாக ஒளியும். புலம் மேல்கீழாக விழுவதால் நேராகப் பறக்கையில் தெரியாது, திருப்பத்தில் சாயும்போது மட்டும் எட்டிப் பார்க்கும்.

இன்னொன்று. சுவிட்சைப் போட்டவுடன் திசை குதிப்பதில்லை. உள்ளே இருக்கும் கைரோ உணரிகள் அதைப் பிடித்து வைக்கின்றன, எண் மெல்ல நகர்கிறது. அதனால் சுவிட்சையும் பிழையையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. குழப்பம் பெரிதாக இருந்தால் கருவி சிவப்புப் பெருக்கல் குறி போட்டுத் திசையை மறைத்துவிடும். 13 பாகை அதற்குப் போதாத, ஆனால் ஆளை வழிமாற்றப் போதுமான பிழை.

கோபம் வருவது எங்கே என்றால், இதைக் கண்டுபிடிக்கத்தான் ஜி5இன் அமைப்புப் பக்கத்தில் காந்தக் குறுக்கீட்டுச் சோதனை என்றே ஒன்று இருக்கிறது. குமிழை அழுத்திப் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுத்தால் அந்தப் பக்கம் திறக்கும். அய்லரோன், ஃபிளாப், விளக்குகள், பிட்டோ ஹீற்றர், ரேடியோ என்று ஒவ்வொன்றாக, முன்பே எழுதிய நேர வரிசையில் போட்டு நிறுத்த வேண்டும். முடிவில் அது தேர்ச்சி அல்லது தோல்வி என்று சொல்லும். அரைமணி வேலை. விமானத்தோடு வந்த வரிசைத் தாளில் பிட்டோ ஹீற்றர் என்ற வரியே இல்லை. "இந்த நாட்டில் பனி எங்கே உறைகிறது" என்று நினைத்திருக்கலாம். ஆனால் மழை முகிலுக்குள் போகுமுன் செக்லிஸ்ற் ஹீற்றரைப் போடச் சொல்கிறது, விமானி போடுகிறார். வெளியே எதுவும் தெரியாத, கருவியை மட்டும் நம்ப வேண்டிய அந்த நேரத்தில்தான் திசை பிழைக்கிறது. ஆயிரக்கணக்கான டொலர் வேலையில் ஒரு வரியை விட்டதற்கு இது மன்னிக்கக்கூடிய தவறு அல்ல.

இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. இங்கே கிடைப்புலம் வலுவாக இருப்பதால் பிழை 13 பாகையோடு நின்றது. கிடைப்புலம் 20க்குக் கிட்ட இருக்கும் லண்டனில் இதே பொருத்தல் 25 பாகைக்கு மேல் காட்டி, முதல் நாளே பிடிபட்டிருக்கும். நம் ஊர் நல்ல ஊர் என்பதாலேயே கோளாறு மூன்றாம் வாடை வரை ஒளிந்திருந்தது.

திருத்தத்துக்கு இரண்டு வழி. ஒன்று, ஹீற்றருக்குத் திரும்பு வயர் தனியாக இழுத்து இரண்டையும் முறுக்கி விடுவது. புலம் கிட்டத்தட்ட அழிந்துவிடும், பௌதிகப்படி இதுவே சிறந்தது. ஆனால் சான்றிதழ் விமானத்தில் ஹீற்றர் சுற்றை மாற்றுவது தனி மாற்றம். அங்கீகரிக்கப்பட்ட தரவும் உரிமம் பெற்ற பொறியியலாளரின் கையெழுத்தும் வேண்டும். மற்றது, எஸ்டிசி கையேடு அனுமதிக்கும் இடங்களுக்குள் காந்தமானியை நகர்த்துவது. இங்கே அதைத்தான் செய்தது. 15 சென்ரிமீற்றர் 60 ஆனதும் பிழை 13இலிருந்து 3 பாகைக்குச் சற்று மேலே இறங்கியது. ஒரு மீற்றர் தள்ள முடிந்தால் 2 பாகை. மோட்டார், ரிலே போன்றவற்றுக்குக் குறைந்தது 3 மீற்றர் இடைவெளி.

திறந்தபோது கண்ட மற்றொன்று திருகாணி. முதலில் பூட்டியவர்கள் காந்தம் ஒட்டாது என்று பித்தளைத் திருகாணி போட்டிருந்தார்கள். காந்தத்துக்கு நல்லது, கடற்காற்றுக்கு ஆகாது. அலுமினியத் தாங்கியில் பித்தளையும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் கரையும். ஒவ்வொரு திருகாணித் தலையைச் சுற்றியும் வெள்ளைத் தூள், நகத்தால் சுரண்டினால் அடியில் குழி. ஒரு துளை நீள்வட்டமாகித் தாங்கி லேசாக ஆடியது. ஆடும் காந்தமானியும் திசைப் பிழைதான். 316 ஸ்ரெயின்லெஸ் திருகாணி, துருத்தடுப்புப் பசையில் தோய்த்துப் போடுங்கள். ஸ்ரெயின்லெஸ் என்று விற்பதையெல்லாம் நம்பவும் வேண்டாம். திருகாணியை நூலில் தொங்கவிட்டுக் காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோங்கள், திரும்பிப் பார்த்தால் எறியுங்கள். பிறகு அந்தக் காந்தத்தை இறக்கைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். நுனியில் காந்தம் உள்ள திருப்புளியும் வேண்டாம். பரிசோதனை மூடியின் பின்னால் ஒட்டியிருக்கும் உருக்குச் சுரைகளை எல்லோரும் மறக்கிறார்கள்.

வயரிங் பற்றிச் சுருக்கமாக: இரண்டு ஜி5உம் காந்தமானியும் கான் பஸ் என்ற இரட்டை வயர்க் கோட்டில் தகவல் பரிமாறுகின்றன. கோட்டின் இரு முனையிலும் 120 ஓம் மின்தடை, அதாவது மின்சாரத்தை நிறுத்தி இரு வயருக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை விடுபட்டிருக்கிறது, 40 வந்தால் ஒன்று கூடிவிட்டது. இறக்கைக்குள் இருக்கும் இணைப்பிக்கு முன் வயரைக் கீழ்நோக்கி வளைத்து விடுங்கள். ஒழுகும் நீர் வளைவில் சொட்டிவிடும், இணைப்பிக்குள் போகாது. பிட்டோ, ஸ்ரற்றிக் குழாய்களை ஒருமுறை கழற்றினாலே கசிவுச் சோதனை கட்டாயம்.

இடத்தை மாற்றியபின் அளவுத்திருத்தம் புதிதாகச் செய்ய வேண்டும். உருக்குக் கூரை, இரும்புக் கம்பி போட்ட கொங்கிரீற், எண்ணெய்த் தாங்கிப் பக்கம் எதுவும் வேண்டாம். இயந்திரத்தை ஓடவிட்டு, ஒல்ற்றனேற்றர் வேலை செய்யும் வேகத்தில் வைத்து, மெதுவாக வட்டமடித்து, திரை சொல்லும் இடங்களில் நிறுத்துங்கள். பிறகு குறுக்கீட்டுச் சோதனை. அதற்கும் மேலாக நான் வற்புறுத்துவது: மூக்கைக் கிழக்கே வைத்து ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு நிமிடம் எண்ணைப் பாருங்கள். பின் வடக்கே வைத்து அதையே செய்யுங்கள்.

நகர்த்திய பிறகு திசை ஒழுங்காக இருக்கிறது. இவ்வளவு புகழ்ந்தபின் நண்பருக்கு என் பதில் முரணாகத் தெரியலாம், ஆனால் இன்றைக்கு இதுதான்: ஒன்றை மட்டும் போடுங்கள், அடிவானத்துக்கு. திசைக் கைரோவும் பம்பும் இப்போதைக்கு இருக்கட்டும். எஸ்டிசி கையில் இருந்தாலும் இலங்கையின் 4ஆர் பதிவு விமானத்தில் தொடுமுன் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் ஒப்புதலை எழுத்தில் எடுங்கள். இரண்டாவதைப் போட நாள் வரும்போது, பணம் கட்டுமுன் இடது இறக்கையின் பரிசோதனை மூடிகளைத் திறந்து, பிட்டோ ஹீற்றர் வயர் எந்த விலாவில் எந்தத் துளை வழியாகப் போகிறது என்று அளவுகோலோடு படமெடுத்து வையுங்கள். பட்டறை விலை சொல்ல வரும்போது அந்தப் படத்தைக் காட்டி, காந்தமானியை எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள்.