மூடுலில் மாணவர் ஃபீட்பேக்: சில வருடங்கள் பயன்படுத்திய பிறகு

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் போனில் கேட்டார்: "அக்கா, ஆன்லைன் வகுப்பு எப்படிப் போகுதுன்னு பிள்ளைங்ககிட்ட ஃபீட்பேக் வாங்கச் சொல்றாங்க. நீங்க மூடுல்லயே பண்றீங்களாமே, நல்லா இருக்கா?" மூடுல் என்பது கல்லூரிகள் ஆன்லைனில் பாடம் நடத்தப் பயன்படுத்தும் மென்பொருள். நல்லா இருக்கு, ஆனால் எனக்கு அதன்மேல் கோபமும் இருக்கிறது என்றேன். இரண்டையும் போனில் விளக்க முடியவில்லை. அதனால் இது.

நான் டர்பனில் கணக்கியல் எடுக்கிறேன். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததிலிருந்து பாடத்தில் ஒரு பகுதி ஆன்லைனிலேயே நடக்கிறது. மூடுலைப் பற்றி உங்களுக்கே தெரியும். அதில் எப்படிப் பாடம் ஏற்றுவது என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. நான் சொல்ல வந்தது அதில் இருந்த சர்வே பகுதியைப் பற்றி. அதற்குள் காலெஸ் என்று ஒரு ஆயத்தக் கேள்வித்தாள் உண்டு. ஆஸ்திரேலியாவில் பீட்டர் டெய்லர், டோரிட் மாவோர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உருவாக்கியது. பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மொத்தம் 24 வாக்கியங்கள், ஆறு தலைப்புகள், தலைப்புக்கு நாலு. படிப்பது என் தொழிலுக்கு உதவுகிறதா, என்னை யோசிக்க வைக்கிறதா, மற்ற மாணவர்களோடு பேச்சு நடக்கிறதா, ஆசிரியர் துணையாக இருக்கிறாரா, சக மாணவர்கள் துணையாக இருக்கிறார்களா, ஒருவர் எழுதுவது இன்னொருவருக்குப் புரிகிறதா. ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'ஆசிரியர் எப்படி?' என்று மார்க் போடச் சொல்லும் கேள்வி கிடையாது. இதில் ஒரு வகை, அதே வாக்கியத்தை இரண்டு முறை கேட்கும். உனக்கு எப்படி இருந்தால் பிடிக்கும்? இப்போது எப்படி இருக்கிறது? பிறகு இரண்டு பதில்களையும் ஒரே வரைபடத்தில் இரண்டு கோடுகளாகப் போட்டுக் காட்டும்.

அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிதான் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம். ஆன்லைன் வகுப்பில் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேசுவதே இல்லை என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் இருந்த கவலை. வரைபடத்தில் பார்த்தால் பேச்சு குறைவுதான், ஆனால் அவர்கள் அதை அதிகம் எதிர்பார்க்கவும் இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டு, மினிபஸ் டாக்சியில் உட்கார்ந்தபடி பாடம் கேட்பவர்களுக்கு அரட்டைக் களம் எதற்கு? பெரிய இடைவெளி முதல் தலைப்பில் இருந்தது. இந்தப் பாடம் என் வேலைக்கு எப்படி உதவும் என்று அவர்கள் தெரிந்துகொள்ள விரும்பியதும் வகுப்பில் கிடைத்ததும் வெகு தூரத்தில் நின்றன.

அடுத்த வாரமே வாட் (மதிப்புக் கூட்டு வரி) பாடத்தின் உதாரணங்களை மாற்றினேன். பாடப்புத்தகக் கம்பெனிக்குப் பதில் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருப்பது போன்ற ஒரு மளிகைக்கடையின் கணக்கை எடுத்தேன். அரிசி, பருப்பு, முட்டை, சமையல் எண்ணெய்க்கு வரி பூஜ்யம். சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் 15 சதவீதம். ஒரே ரசீதில் இரண்டு வகையும் வரும்போது எப்படிப் பிரிப்பது? அந்த வாரம் வந்த கேள்விகள் அதற்கு முன்பு ஒரு செமஸ்டர் முழுக்க வந்ததில்லை. பாடம் பாதியில் இருக்கும்போதே, எந்த அதிகாரியும் பார்க்காமல், எனக்கும் என் பிள்ளைகளுக்கும் நடுவில் நடந்த விஷயம் இது. ஒரு ஆசிரியர் வளர இதைவிட நேரான வழியை நான் பார்த்ததில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சர்வே பகுதியில் பெயர் மறைவு கிடையாது. யார் என்ன பதில் சொன்னார்கள் என்று ஆசிரியர் பார்க்கலாம். மார்க் போடும் ஆளே பெயரோடு கருத்துக் கேட்டால் பிள்ளைகள் எப்படி மனம்விட்டுச் சொல்வார்கள்? கேள்விகளையும் நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அப்புறம், 2025இல் வந்த மூடுல் 5.0 பதிப்பில் சர்வே பகுதியையே அடிப்படைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். தனி இணைப்பாக இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் நிர்வாகிதான் நிறுவித்தர வேண்டும். எங்கள் சர்வரைப் புதுப்பித்த பிறகு என் வரைபடம் காணாமல் போனது. கேட்டால், பட்டியலில் போட்டிருக்கிறோம் என்கிறார்கள்.

இப்போது அதே மூடுலில் உள்ள ஃபீட்பேக் பகுதிக்கு மாறிவிட்டேன். வாக்கியங்களை அதில் ஒருமுறை உள்ளிட்டு டெம்ப்ளேட்டாகச் சேமித்துக்கொண்டால் ஒவ்வொரு செமஸ்டருக்கும் எடுத்துப் போடலாம். பெயர் மறைத்துப் பதில் வாங்கும் வசதி உண்டு. பதில்களை எக்செல்லில் இறக்கி இரண்டு கோடுகளையும் நானே வரைகிறேன். கொஞ்சம் வேலைதான், ஆனால் பெயர் இல்லாததால் பதில்களில் நேர்மை கூடியிருக்கிறது. கடைசியில் ஒரு திறந்த கேள்வியும் வைத்திருக்கிறேன்: எதை நிறுத்த வேண்டும்? "வீடியோ வேண்டாம், டேட்டா தீர்ந்துபோகிறது, ஆடியோவும் பிடிஎஃப்பும் போதும்" என்று அதில்தான் எழுதினார்கள். எந்த ஐந்துபடிக் கேள்வியும் இதை எனக்குச் சொல்லியிருக்காது.

சக ஆசிரியர் ஒருவரை, திருத்த உரிமை இல்லாத ஆசிரியராக நம் பாடத்துக்குள் சேர்த்துப் பார்க்கச் சொல்வதும் நல்ல பழக்கம். சுற்றுலாத் துறைத் தோழி ஒருத்தி என் பக்கத்தைப் பார்த்துவிட்டு, அறிவிப்புகள் மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கின்றன என்று உடனே கண்டுபிடித்தாள்.

சரி, கோபத்துக்கு வருகிறேன். இதெல்லாம் நானாகச் செய்வது. கல்லூரி செமஸ்டர் முடிவில் நடத்தும் மதிப்பீடு வேறு. அதில் எல்லாக் கேள்விகளையும் கூட்டி வகுத்து ஒரே எண்ணாக்கி, தசமப் புள்ளியோடு மேலே அனுப்புகிறார்கள். அந்தச் சராசரிதான் எனக்குத் தீராத எரிச்சல். அறுபது பேர் வகுப்பில் எட்டுப் பேர் பதில் சொல்கிறார்கள் என்று வையுங்கள். அதில் ஒரே ஒரு பிள்ளை ஐந்துக்குப் பதில் ஒன்று போட்டால் சராசரி அரைப் புள்ளி இறங்கிவிடும். அரைப் புள்ளி இறங்கினால் துறைத்தலைவர் கூப்பிடுவார். எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பது அறிக்கையில் ஓர் ஓரத்தில் இருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை.

2022, 2023இல் மின்வெட்டு ஸ்டேஜ் 6 என்ற கடுமையான நிலை வரை போன மாதங்களை இங்கே இருப்பவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரு நாளில் பல முறை கரண்ட் போகும், கூடவே டவர் பேட்டரியும் தீர்ந்து நெட்வொர்க்கும் போகும். அந்தச் செமஸ்டர்களில் 'ஆசிரியர் உடனே பதில் தருகிறார்' என்ற வரியில் எங்கள் துறையில் பலருக்கும் மார்க் விழுந்தது. 2024 மார்ச் கடைசியில் மின்வெட்டு நின்று பல மாதம் வராமல் இருந்தபோது அதே வரியில் மார்க் ஏறியது. ஆசிரியர்கள் அதே ஆட்கள். ஆனால் இறங்கியது எங்கள் கோப்பில் அப்படியே இருக்கிறது. கரண்ட் இருந்ததா என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

இந்த 'உடனே பதில்' விஷயத்தில் அமெரிக்காவில் 2015இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. லிலியன் மெக்நெல்லும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்தது. ஓர் ஆன்லைன் பாடத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உதவி ஆசிரியர்கள். ஆளுக்கு இரண்டு குழு. ஒன்றில் சொந்த அடையாளம், இன்னொன்றில் மற்றவரின் அடையாளம். மார்க்கை எல்லாக் குழுவுக்கும் ஒரே கால அளவில்தான் திருப்பித் தந்தார்கள். ஆசிரியர் ஆண் என்று நினைத்தவர்கள் அந்த வேகத்துக்கு ஐந்துக்கு 4.35 தந்தார்கள். பெண் என்று நினைத்தவர்கள் தந்தது 3.55. மாணவர் எண்ணிக்கை குறைவான சின்ன ஆய்வுதான், அதை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது. ஆனாலும் அந்த இரண்டு எண்களையும் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இப்படிப்பட்ட எண்ணைத் தூக்கிப் பதவி உயர்வுக் கோப்பில் வைப்பவர்கள்மேல்தான்.

எண் குறைந்த ஆசிரியருக்குக் கிடைக்கும் 'பயிற்சி' என்ன தெரியுமா? வினாடி வினா பொத்தான் எங்கே இருக்கிறது, கெடுவை எப்படி வைப்பது என்று ஒரு நாள் முழுக்கக் காட்டுவார்கள். பிள்ளைகள் ஏன் இந்தப் பாடத்தில் தங்கள் வேலையைக் காணவில்லை என்று அங்கே யாரும் பேசுவதில்லை. வருடக்கணக்கில் நன்றாக நடத்திவரும் மூத்த ஆசிரியர் ஒருவர் அப்படிப்பட்ட வகுப்பில் கைகட்டி உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அவரிடம் கற்றுக்கொள்ள அந்த அறையில் பத்துப் பேர் இருந்தோம். யாரும் அவரைப் பேசச் சொல்லவில்லை.

ஆகவே தம்பிக்கு என் பதில்: இந்த வருடம் வேண்டாம். கருவி நல்லது, இவ்வளவு நேரம் நானே புகழ்ந்தேன். ஆனால் செமஸ்டர் நடுவில் வாங்கும் பதில் ஆசிரியரிடமே இருக்கும், மேலே போகாது என்று உங்கள் டீன் எழுத்தில் தரும்வரை கல்லூரிப் படிவமாக இதை முன்மொழியாதீர்கள். முன்மொழிந்தால் அடுத்த செமஸ்டரே அதிலிருந்தும் ஒரு சராசரியைப் பிழிந்துவிடுவார்கள். உங்கள் சொந்த வகுப்பில் மட்டும், பெயர் மறைத்து, ஐந்தாவது ஆறாவது வாரத்தில் வையுங்கள். பதில் வந்த அடுத்த வகுப்பில், எதை மாற்றப் போகிறீர்கள், எதை மாற்ற முடியாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அடுத்த முறை யாரும் நிரப்ப மாட்டார்கள்.

24 வாக்கியங்களையும் இரண்டு கோட்டு வரைபடத்தையும் அமைத்த எக்செல் கோப்பு என்னிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.