வெள்ளை நிற சிவில் வார் டோக்கன் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன நவம்பரில் ஒஹாயோவில் ஒரு நாணயக் கண்காட்சியில் 260 டாலர் கொடுத்து ஏமாந்தேன். வேறு யாரும் அதே குழியில் விழக்கூடாது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862-ல், ஜனங்கள் வெள்ளிக் காசைப் பதுக்கினார்கள். பிறகு ஒரு சென்ட் காசும் கண்ணில் படவில்லை. மீதிச் சில்லறை கொடுக்க வழியில்லாத கடைக்காரர்கள் சென்ட் அளவிலேயே, சுமார் 19 மி.மீ.யில், செப்பு டோக்கன் அடித்துக்கொண்டார்கள். சிலவற்றில் ‘ஒன் சென்ட்’ என்று பெரிதாகவும் அதன் தலைமேல் ‘நாட்’ என்று பொடியாகவும் இருக்கும். எது கைக்கு வந்தாலும் அந்தப் பொடி எழுத்தைத்தான் முதலில் தேடுவேன், அவ்வளவு பிடிக்கும். 1864-ல் சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள்.

கைமாறியவை பெரும்பாலும் செம்பு, கொஞ்சம் பித்தளை. அதே அச்சில் வெள்ளீயக் கலவையிலும் வெள்ளியிலும் சேகரிப்பாளர்களுக்காக அன்றைக்கே சிலது அடித்தார்கள். விலை ஏறுவது அங்கேதான். எனக்கு விற்றவர் “வெள்ளீயம், ஆர்-9” என்றார். ஆர்-9 என்பது எவ்வளவு அரிது என்று சொல்லும் அளவு. இரண்டிலிருந்து நான்கு டோக்கன்தான் மிச்சம் என்று அதற்கு அர்த்தம். செம்பில் அதையே 30 டாலருக்கு வாங்கலாம்.

வீட்டுக்கு வந்து லென்ஸில் பார்த்தால் விளிம்பில் ஒரு கீறல், அதற்குள் ரவை அளவுக்குச் சிவப்பு. நகைத் தராசில் 3.56 கிராம். தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து பூஜ்யமாக்கி, டோக்கனை நூலில் கட்டி அடியில் படாமல் முக்கினேன்: தராசு 0.40 கிராம் காட்டியது, அது டோக்கன் விலக்கிய தண்ணீரின் எடை. 3.56-ஐ அதால் வகுத்தால் 8.9, அது செம்பின் அடர்த்தி. வெள்ளீயமென்றால் 7.3-ஐ ஒட்டி வரணும். மேலே வெறும் முலாம்!

விற்றவருக்குப் படம் அனுப்பிக் கேட்டேன். “நான் உலோகத்துக்கு உத்தரவாதம் கொடுத்தேனா?” என்றார். ரசீதைப் பார்த்தேன், ‘டோக்கன் 1’ என்று மட்டும் இருந்தது. பணம் திரும்பவில்லை. உலோகத்தின் பெயரையும் திருப்பித் தரும் கெடுவையும் ரசீதில் எழுதி வாங்காமல் பணத்தை எடுக்காதீர்கள். விற்பவர் செப்பு-நிக்கல் கலவை என்று சொன்னால் தண்ணீர்ச் சோதனையும் கைகொடுக்காது, அதன் அடர்த்தியும் செம்பின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றுதான். விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள்.

ஜனவரியில் மறுபடி போயிருந்தேன். அதே மேசை, அதே நீல வெல்வெட் தட்டு. இன்னும் மூன்று வெள்ளை டோக்கன்கள் இருந்தன.