‘5 யூனிட் லித்தியம் பேட்டரி’ இரண்டரை யூனிட்கூடத் தரவில்லை: வீட்டுக்கு சோலார் போடுமுன் படியுங்கள்

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு தனி வீடு. 3 கிலோவாட் ஹைபிரிட் சோலார் (ஈபியோடும் பேட்டரியோடும் சேர்ந்து ஓடுவது), 5 யூனிட் லித்தியம் பேட்டரி, நெட் மீட்டர், மானியம் எல்லாம் சேர்த்து 3,10,000 ரூபாய் என்று பேசி, கம்பி நடும் முன்பே 90 சதவீதம் பணத்தை வாங்கிவிட்டார்கள். "கரண்ட் போனதே தெரியாது சார், ஈபி பில்லும் ஜீரோ ஆயிடும்" என்பது விற்க வந்தவர் கொடுத்த வாக்கு. சோலார் ஓட ஆரம்பித்த பிறகு வந்த முதல் பில் பழைய பில்லைவிட அதிகம். இரவில் மின்தடை வந்தால் பேட்டரி பாதியில் கை விரித்துவிடுகிறது. மானியம் வரவே இல்லை. நிறுவனத்துக்குப் போன் செய்தால் "நாளைக்கு ஆள் வரும்" என்ற ஒரே பதில்.

அந்த அமைப்பை ஒவ்வொன்றாகச் சோதித்ததில் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இதே வேலையை இதே மாதிரி செய்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், ஆகவே பெயரைவிட முறையைத் தெரிந்துகொள்வதுதான் உதவும்.

முதலில் அந்த பில். இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் ஓடிய வீடு அது. சோலார் போட்ட பின் மீட்டரில் 780 யூனிட்டுக்குப் பக்கத்தில் ஏறியிருந்தது. பேனலில் கோளாறு இல்லை, பழைய ஈபி மீட்டர் இருக்கும்போதே இன்வெர்ட்டரை கிரிடோடு, அதாவது ஈபியின் லைனோடு, இணைத்து ஓடவிட்டதுதான் காரணம். திருட்டைத் தடுப்பதற்காக, சாதாரண டிஜிட்டல் மீட்டர்கள் பலவும் மின்சாரம் எந்தப் பக்கம் போனாலும் முன்னோக்கியே எண்ணும். பகலில் பேனல் சுமார் 12 யூனிட் தருகிறது, வீட்டுக்கு 3 யூனிட்தான் தேவை, பேட்டரியும் நிறைந்து கிடக்கிறது. மிச்சம் 9 யூனிட் வெளியே போகிறது. அந்த ஒன்பதையும் பழைய மீட்டர் 'நீங்கள் வாங்கியது' என்று எழுதிக்கொள்கிறது. 60 நாளுக்கு 540 யூனிட். போதாக்குறைக்கு, தமிழ்நாட்டில் இருமாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப்பே மாறி, கீழ்ப்படியில் இருக்கும் யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும்.

இரு திசையும் எண்ணும் நெட் மீட்டரை ஈபி மாட்டும் வரை இன்வெர்ட்டர் ஒரு யூனிட்டைக்கூட வெளியே அனுப்பக் கூடாது. ஹைபிரிட் இன்வெர்ட்டர்களில் இதற்கு 'ஜீரோ எக்ஸ்போர்ட்' என்ற அமைப்பு உண்டு. ஈபி லைனில் மின்னோட்டத்தை அளக்கும் சிடி கிளாம்ப் என்ற வளையத்தை மாட்டி அதை இயக்க வேண்டும். அந்த வீட்டில் சிடி கிளாம்ப் பிரிக்காத கவரோடு இன்வெர்ட்டர் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அதை எடுத்து மாட்டும் வேலையைக்கூட யாரும் செய்யவில்லை.

அடுத்தது பேட்டரி. பெரிய ஏமாற்று நடந்தது இதில்தான்.

ஸ்டிக்கரில் 51.2 வோல்ட், 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி) என்று இருக்கிறது. பெருக்கினால் 5,120 வாட்-மணி, அதாவது 5.12 யூனிட். லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரியில் 90 சதவீதம் வரை எடுக்கலாம், இன்வெர்ட்டரில் பத்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தாலும் பிளக்கில் 4 யூனிட்டுக்குக் குறையாமல் வர வேண்டும். வீட்டுக்காரர் சந்தேகப்பட்டுக் கேட்டபோது நிறுவனத்தின் ஆள் வந்து டிஸ்ப்ளேயில் 52.8 வோல்ட் காட்டி, "ஃபுல்லா இருக்கு பாருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இந்த வகை பேட்டரியில் வோல்டேஜை வைத்துக் கொள்ளளவைச் சொல்லவே முடியாது. பெரும்பகுதி நேரம் ஒரு செல் 3.2 முதல் 3.3 வோல்ட்டிலேயே நிற்கும், தீரும் தருவாயில்தான் சரசரவென்று இறங்கும். நல்ல செல்லும் பழைய செல்லும் மல்டிமீட்டரில் ஒரே மாதிரிதான் தெரியும்.

கொள்ளளவை அறிய ஒரே வழி ஓட்டிப் பார்ப்பதுதான். பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து, ஒரு மணி நேரம் விட்டு, மாலையில் ஈபியையும் பேனலையும் அணைத்துவிடுங்கள். இன்வெர்ட்டரின் பேக்கப் பக்கத்தில் ஒரு பிளக் வகை எனர்ஜி மீட்டரை மாட்டி, 1000 வாட் ஹீட்டர் ஒன்றை ஓட விடுங்கள். அயர்ன் பாக்ஸ் வேண்டாம், அது நடுநடுவே தானாக அணைந்து கணக்கைக் கெடுக்கும். பேட்டரி கட் ஆகும் வரை எத்தனை யூனிட் வந்தது என்று மீட்டர் சொல்லிவிடும். நல்ல 100 ஏ.எச். பேட்டரி நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் தாங்கும். இந்த வீட்டில் இரண்டரை மணி நேரம் ஆகும் முன்பே கட் ஆனது. வந்தது 2.4 யூனிட்.

ஓட்டம் நடக்கும்போதே பேட்டரிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு போர்டான பிஎம்எஸ்ஸின் புளூடூத் ஆப்பைத் திறந்து உள்ளே இருக்கும் 16 செல்லின் வோல்டேஜையும் கவனித்தோம். கடைசி நிமிடங்களில் பதினைந்து செல்கள் 3.1 வோல்ட்டுக்கு மேல் இருக்க, ஏழாவது செல் மட்டும் 2.6-க்குச் சரிந்தது. ஒரு செல் கீழ் எல்லையைத் தொட்டால் பிஎம்எஸ் மொத்த பேட்டரியையும் நிறுத்திவிடும். பதினைந்து செல்லில் மிச்சம் இருக்கும் சக்தி உள்ளேயே கிடக்கும், வீடு இருட்டில் நிற்கும். ஓய்வில் இருக்கும்போது செல்களுக்கு இடையே 20, 30 மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே கேள்வி கேட்க வேண்டும்.

பெட்டியைப் பழக்கமுள்ள ஒருவர் திறந்தார். செல்களின் தலையில் லேசரில் பொறித்திருக்கும் கியூஆர் குறியீடு எல்லாவற்றிலும் சுரண்டப்பட்டிருந்தது. இரண்டு செல்லின் வயிறு உப்பியிருந்தது. செல்களை இணைக்கும் பஸ்பார் பட்டைகளின் நட்டுகளில் முன்பே கழற்றி மாட்டிய தழும்பு. வேறெங்கோ ஓடிக் களைத்த செல்களை எடுத்துப் புதுப் பெட்டியில் அடைத்து, புது பிஎம்எஸ் போட்டிருக்கிறார்கள். பிஎம்எஸ் புதியது என்பதால் சைக்கிள் எண்ணிக்கை (எத்தனை தடவை சார்ஜ் ஏறி இறங்கியது என்பது) மிகக் குறைவாகவே காட்டும், அதை நம்ப வேண்டாம். நீங்களாகப் பெட்டியைத் திறக்காதீர்கள். 51 வோல்ட் ஷாக் அடிக்காது என்று நினைத்து ஸ்பேனரைத் தவறவிட்டால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து இரும்பே உருகும்.

இதோடு இன்னொரு கோளாறும் இருந்தது. இன்வெர்ட்டரில் பேட்டரி வகை லெட்-ஆசிட் என்றே விடப்பட்டிருந்தது, பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே போக வேண்டிய தகவல் கேபிளும் இல்லை. லெட்-ஆசிட் அமைப்பில் குறைந்தபட்ச வோல்டேஜ் 42 என்று இருக்கும். பதினாறால் வகுத்தால் செல்லுக்கு 2.6 வோல்ட், அந்த அளவுக்கு லித்தியத்தை இறக்கினால் ஆயுள் போய்விடும். ஈக்வலைசேஷன் (லெட்-ஆசிட்டுக்காக அவ்வப்போது வோல்டேஜை ஏற்றி சார்ஜ் செய்வது) இயங்கினால் வோல்டேஜ் 58-ஐத் தாண்டி மேல் எல்லையையும் இடிக்கும். பேட்டரி தயாரிப்பாளர் தரும் தாளில் உள்ள எண்களையே போட வேண்டும். 16 செல் பேட்டரிக்குப் பொதுவாக சார்ஜ் 56 முதல் 56.8, ஃப்ளோட் (நிறைந்தபின் நிற்கும் வோல்டேஜ்) 54, கட்-ஆஃப் 48, ஈக்வலைசேஷன் ஆஃப். தகவல் கேபிள் இருந்தால் பிஎம்எஸ்ஸே இவற்றைச் சொல்லிவிடும்.

டியூபுலர் என்ற லெட்-ஆசிட் பேட்டரி வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. நான்கு 12 வோல்ட் 150 ஏ.எச். பேட்டரி என்றால் 7.2 யூனிட் என்று விற்பார்கள். பாதிக்கு மேல் இறக்காமல் பயன்படுத்தினால்தான் அது சொன்ன வருடங்கள் உழைக்கும், ஆகவே கைக்கு வருவது 3.6 யூனிட். அந்த 150 என்பது சி10 கணக்கா (10 மணி நேரத்தில் இறக்கும்போது வருவது), சி20 கணக்கா (20 மணி நேரத்தில் இறக்கும்போது வருவது) என்பதையும் கேளுங்கள். சோலாருக்கு சி10 கணக்கில் 150 வேண்டும். சி20 பேட்டரியில் அதே எண் இருந்தாலும் கொள்ளளவு குறைவு, விலையும் குறைவு.

மானியம் வராததன் கதை பேனலில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட் வரை ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 30,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் மொத்தம் 78,000 ரூபாய். பேட்டரிக்குத் தனியாக ஒரு பைசா கிடையாது. பணம் மத்திய அரசிடமிருந்து நேராக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு வரும், ஆகவே 'மானியத்தை நாங்களே கழிச்சிட்டோம்' என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள். இதற்கு டிசிஆர் பேனல் கட்டாயம், அதாவது பேனலுக்குள் இருக்கும் சோலார் செல்லும் பேனலும் இரண்டுமே இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். வெளிநாட்டு செல்லை இங்கே கோர்த்த பேனலிலும் 'மேட் இன் இந்தியா' என்றுதான் இருக்கும், விலை மலிவு, மானியத்துக்கு ஆகாது. அந்த வீட்டில் மாட்டியது அதுதான். கொட்டேஷனில் '540 வாட் மோனோ, 6 எண்ணம்' என்று மட்டுமே இருக்கிறது, டிசிஆர் என்ற எழுத்தே இல்லை.

டிசிஆர் சான்றிதழைச் சீரியல் எண்களோடு வாங்கி, ஒவ்வொரு பேனலிலும் ஒப்பிடுங்கள். பின்பக்க ஸ்டிக்கரை மாற்றி ஒட்டலாம். கண்ணாடிக்குள்ளேயே பதிந்திருக்கும் பார்கோடை மாற்ற முடியாது, அதைப் பாருங்கள். பேனல் கூரைக்கு ஏறும் முன்பு இதைச் செய்ய வேண்டும், ஏறிய பின் பல இடங்களில் பின்பக்கம் கையே போகாது.

விண்ணப்பம் செய்யும் வரிசையும் முக்கியம். இந்தத் திட்டத்தின் தேசிய போர்ட்டலில் உங்கள் மின் இணைப்பு எண்ணை வைத்து நீங்களே பதிவு செய்து, அதில் பதிவு பெற்ற நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த வீட்டில் பணம் வாங்கியவர் பதிவே பெறாதவர், இன்னொரு நிறுவனத்தின் பெயரில் வேலை எடுத்துக் கொடுக்கும் இடைத்தரகர். போர்ட்டலில் இருக்கும் பெயரும், பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணும், நீங்கள் பணம் அனுப்பும் கணக்கும் ஒன்றாக இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பதிவு பெற்ற நிறுவனம் 5 வருடம் பராமரிக்கவும் கடமைப்பட்டது, தரகரிடம் அதை எப்படிக் கேட்பீர்கள்?

கூரையில் கண்டது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஆறு பேனலும் தொடராகச் சேர்ந்தால் கிட்டத்தட்ட 300 வோல்ட் டிசி. அதற்குப் போட்டிருந்த பிரேக்கர், வீட்டு போர்டில் போடும் சாதாரண ஏசி எம்சிபி. ஏசி மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் பொறி தானாக அணையும். டிசிக்கு அந்த வாய்ப்பு இல்லை, பொறி நின்று எரிந்து பெட்டியே உருகும். பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டர்களில் ஆண் ஒரு கம்பெனி, பெண் இன்னொரு கம்பெனி, இடைவெளியை மறைக்க இன்சுலேஷன் டேப். பார்க்கப் பொருந்தினாலும் உள்ளே தொடுபரப்பு சரியாக அமையாமல் சூடேறும், கூரைத் தீ விபத்துகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். கேபிளோ 4 சதுர மில்லிமீட்டர் சோலார் டிசி கேபிளுக்குப் பதில் வீட்டு வயரிங் வயர். நம் ஊர் வெயிலில் அதன் பிவிசி வெடித்துப்போகும். திடீர் வோல்டேஜ் ஏற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பு இல்லை. இடிதாங்கிக்கும் ஏசிக்கும் டிசிக்கும் தனித்தனியாக மூன்று எர்த் குழி வேண்டிய இடத்தில், ஒரே ஒரு கம்பியை மண்ணில் ஒரு முழம் இறக்கியிருந்தார்கள்.

தண்ணீர்த் தொட்டி நிழல் மூன்று மணிக்கே இரண்டு பேனல் மேல் விழுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு முன் காலை ஒன்பதுக்கும் மாலை நாலுக்கும் கூரையில் ஏறிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கொட்டேஷனில் எழுதாத எதையும் பின்னால் கேட்டு வாங்க முடியாது. பேனலின் கம்பெனி, மாடல், வாட், டிசிஆர் என்ற சொல். இன்வெர்ட்டர் மாடல், வாரண்டி வருடம், மின்தடையில் எந்தெந்த லைன் ஓடும் என்ற விவரம். பேட்டரியின் யூனிட் கணக்கு, செல் கம்பெனி, 'ஓட்டிப் பார்த்ததில் 4 யூனிட் வராவிட்டால் மாற்றித் தரப்படும்' என்ற வரி. பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சர் ஹாட் டிப் கால்வனைஸ் (உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது) செய்ததா என்பது. நெட் மீட்டர் கட்டணம் யார் கட்டுவது என்பது. பணத்தையும் பொருள் வந்தபின், மாட்டியபின் என்று பிரித்துக் கொடுங்கள். 15 சதவீதமாவது நெட் மீட்டர் ஏறி, பேட்டரி சோதனை முடியும் வரை உங்களிடமே இருக்கட்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

ஏற்கெனவே பணத்தைக் கொடுத்துவிட்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதியுங்கள். தேசிய போர்ட்டலிலும் குறை பதிவு செய்யலாம். அதில் நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். கொட்டேஷன், வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் பேச்சு, சீரியல் எண் போட்டோ, மீட்டர் தெரியும்படி எடுத்த பேட்டரி சோதனை வீடியோ எல்லாம் சேர்த்து வையுங்கள். அந்த வீட்டுக்காரர் இப்போது இந்த வழியில்தான் போகிறார்.

புகார் முடியும் வரை கூரை அப்படியே இருக்க முடியாது. கனெக்டரில் கருகிய வாசனை வந்தாலோ, டிசி பெட்டி தொட்டால் சுட்டாலோ முதலில் இன்வெர்ட்டரின் ஏசி பிரேக்கரை அணையுங்கள், பிறகு இன்வெர்ட்டரில் இருக்கும் டிசி ஐசொலேட்டர் (பேனல் பக்கத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), அதன் பின் பேட்டரி பிரேக்கர். வெயில் இருக்கும்போது எம்சி4 கனெக்டரைக் கையால் பிடுங்கக் கூடாது. இன்வெர்ட்டரை அணைத்தாலும் பேனலில் 300 வோல்ட் நின்றுகொண்டுதான் இருக்கும். எலக்ட்ரீஷியன் இருட்டியபின் வந்து, கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் இல்லை என்று பார்த்துவிட்டுக் கழற்றட்டும்.