மூன்று குளிர்காலம், ஒரு காங்கிரி

ஸ்ரீநகருக்கு மாற்றலாகி வரும் நண்பன் நேற்று போனில் கேட்டான்: "காங்கிரி வாங்கணுமாடா, எலக்ட்ரிக் போர்வை போதாதா?" மூன்று குளிர்காலமாக மடியில் வைத்திருந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

காங்கிரி என்றால் காஷ்மீர்க்காரர்களின் கைக்கணப்பு: பின்னல் கூடை, உள்ளே மண்சட்டி, அதில் கனலும் கரி. அதை அப்படியே ஃபெரன் அங்கிக்குள் வைத்துக்கொள்வார்கள், தெரிந்ததுதான். வீடியோ காலில் பார்த்த அம்மா, "வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கேன்னு நான்ல சொல்லணும், நீ நெசமாவே கட்டிக்கிட்டியா?" என்றார்.

என் தீராத எரிச்சல் சாலன். காங்கிரியோடு கயிற்றில் தொங்கும் குட்டிக் கரண்டி. இதுதான் ரெகுலேட்டர். சாம்பலைக் கிளறினால் சூடு ஏறும், மூடினால் அடங்கும். கேட்க எளிது. வீட்டுக்கார அம்மா காலையில் ஒரு தடவை லேசாகக் கிளறுவார், மாலை வரை கணகணவென்று இருக்கும். நான் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நோண்டி, பதினொரு மணிக்குள் வெறும் சாம்பலாக்கிவிடுவேன். அவர் போடுவது சினார் மரத்தின் இலைக்கரி. இலையுதிர்காலத்தில் சருகைக் கூட்டிக் கொளுத்தி, தண்ணீர் தெளித்து அணைத்துச் சேர்த்து வைப்பது. அதே கரிதான் எனக்கும் தந்தார். ஆகவே குற்றம் கரியில் இல்லை.

டிசம்பர் 21-இல் சில்லை கலான் தொடங்கும், காஷ்மீரின் கடுங்குளிர்க் காலம், 40 நாள். போன வருஷம் அதில் ஒரு ராத்திரி கரண்ட் போனது. எலக்ட்ரிக் போர்வை வெறும் போர்வையாகிவிட்டது. ஃபெரனின் கைகள் காலியாகத் தொங்க, இரண்டு கையையும் உள்ளே இழுத்துச் சட்டியை அணைத்துக்கொண்டேன். மரத்துப்போன விரல்களுக்கு ஒவ்வொன்றாக உயிர் வந்தது. அந்தச் சுகத்தை எந்த ஹீட்டரும் தந்ததில்லை.

ஆனால் தொடையில் பழுப்பு நிறத்தில் வலைவலையாகத் தழும்பு. டாக்டர் திட்டினார். வருஷக்கணக்கில் சூடு பட்ட இடத்தில் வரும் தோல் புற்றுநோய்க்கே 'காங்கிரி கேன்சர்' என்று பெயர் இருக்கிறது. மூடிய அறையில் கரிப்புகை ஆளையே கொல்லும். தூக்கத்தில் கவிழ்ந்தால் படுக்கை பற்றிக்கொள்ளும். என் ஃபெரனில் ஏற்கெனவே எட்டணா அகலத்துக்கு ஓட்டை.

அதனால் வாங்காதேடா. போர்வையே போதும்.

வாங்கித்தான் தீருவேன் என்றால் சாலன் கயிறு கெட்டியாக இருக்கிறதா பார். என்னுடையது அறுந்து, பனியில் எங்கோ விழுந்துவிட்டது. இரண்டு நாள் ஆபீஸ் ஸ்கேலால் கிளறினேன். இன்று காலை போய்ப் புது காங்கிரியே வாங்கி வந்தாயிற்று.