விவாகரத்துத் தீர்ப்பின் நகல்: நீங்களே போவதா, வக்கீலைப் பிடிப்பதா, இணையத்தில் எடுப்பதா?

எங்கள் அக்கா, அதாவது சின்னம்மா மகள், 2009-இல் கடலூரில் விவாகரத்து வாங்கினாள். தீர்ப்பின் நகல் பீரோவில் பத்திரமாகத்தான் இருந்தது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையேறியபோது வீட்டு ஓடுகளோடு அந்தப் பத்திரமும் போயிற்று. தண்ணீரில் ஊறிய காகிதத்தை உரித்து எடுக்க முடியவில்லை. அப்போது அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? தலைக்கு மேல் கூரை வேண்டியிருந்தது.

அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சித்தப்பாவும், பிறகு சின்னம்மாவும் காலமான பின், விவாகரத்தான மகள் என்ற முறையில் குடும்ப ஓய்வூதியம் கேட்கும்போதுதான் அந்தக் காகிதத்தின் அருமை தெரிந்தது. அக்காவின் கையில் இருந்தது ஜெராக்ஸின் ஜெராக்ஸ். அதை வாங்கிப் பார்த்த அலுவலர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு நகல் வாங்க என்னென்ன வழி உண்டோ அத்தனையையும் ஒரு சுற்று பார்த்தோம். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் எதைக் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பிறப்புச் சான்றிதழ் போல 'விவாகரத்துச் சான்றிதழ்' என்று தனியாக ஒன்றைத் தரும் அலுவலகம் நம்மூரில் இல்லை. திருமணத்தைப் பதிவு செய்த சார்பதிவாளர் அலுவலகத்தில் போய்க் கேட்டாலும் கிடைக்காது. நீதிமன்றத்தின் தீர்ப்பாணைதான் சான்று. கோர்ட் வாசலில் அதை 'டிகிரி' என்பார்கள். காரணங்களை விளக்கும் தீர்ப்புரை வேறு, முடிவை மட்டும் சொல்லும் தீர்ப்பாணை வேறு. இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஒன்றை மட்டும் வாங்கிப் போய், இன்னொன்றுக்காகத் திரும்பவும் வரிசையில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். பரஸ்பர சம்மத விவாகரத்து என்றால் ஜீவனாம்சம், பிள்ளை யாரிடம் இருப்பது போன்ற உடன்பாடு எழுதிய மனுவின் நகலையும் வாங்கி வைப்பது நல்லது.

பலருக்குத் தெரியாத ஒன்று: இந்து திருமணச் சட்டம் 1955-இன் 23-ஆம் பிரிவு, நான்காவது உட்பிரிவின்படி, விவாகரத்து கொடுக்கும் நீதிமன்றம் தீர்ப்பாணையின் நகல் ஒன்றை இரு தரப்புக்கும் இலவசமாகத் தரவேண்டும். கேட்டால் தருவதல்ல, தரவேண்டியது. வழக்கு இப்போதுதான் முடிந்திருக்கிறது என்றால் மற்ற வழிகளைப் படிக்குமுன் வக்கீலிடம் "இலவச நகல் வந்ததா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பாதிப் பேருக்கு அது வக்கீலின் கோப்புக் கட்டுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கும். அக்காவுக்கு வந்ததும் அந்த இலவச நகல்தான், புயலில் போனதும் அதுதான். தொலைந்ததற்கு இன்னொன்று வேண்டுமென்றால் மட்டுமே கீழே உள்ள வழிகள்.

இணையத்தில் எடுப்பது

நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்திலும் அதன் செயலியிலும் வழக்கு எண், தரப்பினர் பெயர், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண் என்று எதை வைத்தும் தேடலாம். காசு இல்லை, பேருந்து இல்லை. ஆனால் இதை நகல் வாங்கும் வழியாக நினைக்கக்கூடாது. வழக்கு எண் கண்டுபிடிக்கும் வழியாக நினைத்தால் இதைப் போல உதவி வேறில்லை. குடும்ப வழக்குகளின் உத்தரவுகள் பலவும் பொதுப்பார்வைக்குத் திறப்பதில்லை. அதில் நியாயமும் இருக்கிறது: இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு இந்த வழக்குகளை மூடிய அறையில் நடத்தச் சொல்கிறது, விவரத்தை வெளியிடவும் தடை விதிக்கிறது. உத்தரவு திறந்தாலும் அது வெறும் பார்வைக்குத்தான். முத்திரையும் கையெழுத்தும் இல்லாத அச்சுப்பிரதியை எந்த அலுவலகமும் ஏற்காது.

பெயர் வைத்துத் தேடும்போது ஒரு தொல்லை உண்டு. நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுபவர் மனம்போல எழுதியிருப்பார். தமிழ்ச்செல்வி என்ற பெயருக்கு மட்டும் நாலைந்து எழுத்துக்கூட்டல் உண்டு. முழுப்பெயர் வேண்டாம், மூன்று நான்கு எழுத்து போட்டு ஆண்டை மாற்றி மாற்றிப் பாருங்கள். தீர்ப்பு வந்த ஆண்டை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். வழக்கு எண்ணில் இருப்பது தாக்கல் செய்த ஆண்டு.

நேரில் நகல் மனு

என் ஓட்டு இதற்குத்தான், வழக்கு எண் கையில் இருந்தால். தீர்ப்புச் சொன்ன நீதிமன்றத்தின் நகல் பிரிவில் மனு கொடுக்கவேண்டும். வழக்கு எண், ஆண்டு, இரு தரப்பு பெயர், தீர்ப்பு தேதி, எந்தெந்த ஆவணம், எத்தனை பிரதி என்று எழுதி, நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் பீ ஸ்டாம்ப்) ஒட்டி, அடையாள அட்டை நகலோடு கொடுத்தால் நகல் மனுவுக்கு ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இனி உங்கள் பெயரே அதுதான். வழக்கில் நீங்கள் தரப்பினர் என்றால் காரணம் சொல்லத் தேவையில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 20, விதி 20-இன்படி, செலவை ஏற்றுக்கொண்டு கேட்கும் தரப்பினருக்குத் தீர்ப்பின் சான்றிட்ட நகலைத் தரவேண்டும்.

மனு கொடுத்ததும் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் சிக்கல். வழக்குக் கட்டு நகல் பிரிவுக்கு வந்ததும் பக்கத்தை எண்ணி எவ்வளவு கட்டவேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் பட்டியல் போடுவார்கள். குறித்த நாளுக்குள் கட்டவில்லை என்றால் மனு தள்ளுபடி, மறுபடி முதலிலிருந்து. அக்காவின் முதல் மனு அப்படித்தான் போனது. பலகையைப் பார்க்கவேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. போனில் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தோம்!

நகல் வந்ததும் அதில் உள்ள முத்திரையைப் பாருங்கள். மனு கொடுத்த தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, வாங்கிய தேதி என வரிசையாக இருக்கும். அலுவலகச் சடங்கு என்று விட்டுவிடாதீர்கள். தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு போகிறவருக்கு இந்தத் தேதிகள் உயிர்நாடி. காலவரையறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, நகல் பெற ஆன காலத்தைக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ளச் சொல்கிறது. தயாரான நகலை வாங்காமல் நீங்களே தாமதித்த நாட்களுக்கு அந்தச் சலுகையை நம்பமுடியாது. இந்து திருமணச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு 90 நாள் தருகிறது, குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு 30 நாள் என்கிறது. எதற்கு வம்பு, 30 நாளை மனத்தில் வைத்து ஓடுங்கள்.

மூன்றாம் நபர் கேட்டால் கதை வேறு. மறுமணம் பேசும்போது "நாங்களே கோர்ட்டில் நகல் வாங்கிப் பார்த்துக்கொள்கிறோம்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்வதுண்டு. வழக்கில் சம்பந்தமில்லாதவர் காரணத்தைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லி நீதிபதியின் அனுமதி பெறவேண்டும். அதைவிடப் பெண் வீட்டார் ஒரு பிரதி கூடுதலாக வாங்கிக் கொடுப்பது எளிது.

வக்கீல் அல்லது வக்கீல் குமாஸ்தா

இதில் செலவு கூடும், அலைச்சல் குறையும். நகல் பிரிவின் நெளிவு சுளிவு குமாஸ்தாவுக்கு அத்துப்படி. தினமும் அந்த வராந்தாவில்தான் நிற்கிறார், பலகையும் அவர் கண்ணில் படும். வெளிநாட்டிலோ சென்னையிலோ இருப்பவர், வழக்கு எண்ணே தெரியாதவர், பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய கட்டைத் தேடுபவர் இதைத்தான் எடுக்கவேண்டும் என்பேன். பழைய வக்கீல் இருந்தால் முதலில் அவரிடமே போங்கள். அவருடைய கட்டில் வழக்கு எண் இருக்கும், அது பாதி வேலை. புது வக்கீல் என்றால் நகல் மனுவுக்காகப் புது வக்காலத்து கையெழுத்திடச் சொல்வார். பீஸ் எவ்வளவு, அதில் வில்லைச் செலவு சேர்ந்ததா என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். நீதிமன்றத்துக்குக் கட்டும் பக்கக் கட்டணம் சிறிய தொகைதான், இங்கே நீங்கள் கொடுப்பது அலைச்சலுக்கான கூலி.

அந்தக் கூலி கொடுக்க முடியாத பெண்களுக்கு இன்னொரு கதவு உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில், பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். வேகத்தில் குமாஸ்தாவுக்கு ஈடாகாது. ஆனால் கையில் காசில்லாத நேரத்தில் இதைவிட்டால் வேறில்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்டால் வந்துவிடுமே என்று ஒரு நண்பர் அடித்துச் சொன்னார். வராது. நீதிமன்ற ஆவணங்களின் நகலை அந்தந்த நீதிமன்ற விதிகளின்படிதான் வாங்கவேண்டும், தகவல் உரிமைச் சட்டம் வழியாக அல்ல என்று குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. நோட்டரியிடம் ஜெராக்ஸில் முத்திரை வாங்குவதும் அதே கணக்கு. அசல் கையில் இல்லாதபோது அவர் எதைப் பார்த்து உறுதி சொல்வார்?

கடலூரா, புதுச்சேரியா?

22 கிலோமீட்டர் தூரம், நடுவில் பாகூர், கிருமாம்பாக்கம். பெண் ஒரு பக்கம், மாப்பிள்ளை மறு பக்கம் என்பது நம் பகுதியில் சகஜம். திருமணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்தரப்பு இருக்கும் இடம், மனைவியே வழக்குப் போட்டால் அவர் இருக்கும் இடம் என்று எங்கே வேண்டுமானாலும் வழக்கு போட்டிருக்கலாம். ஆகவே உங்கள் முகவரியை வைத்து நீதிமன்றத்தை ஊகிக்காதீர்கள்.

இரண்டு ஊரும் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ்தான் வருகின்றன. நகல் மனுவின் போக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கட்டணச் சட்டம் வேறு. தமிழ்நாட்டுக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம், புதுச்சேரிக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாங்கிய வில்லையை எடுத்துக்கொண்டு புதுச்சேரி கடலூர் சாலையில் உள்ள நீதிமன்ற வளாகத்துக்குப் போனால் செல்லாது. அங்கேயே வாங்குங்கள்.

கடலூர்ப் பக்கம் குழப்பம் வேறு மாதிரி. குடும்ப நீதிமன்றம் வருமுன் முடிந்த வழக்கு, தீர்ப்புச் சொன்ன சார்பு நீதிமன்றத்தின் கணக்கில்தான் இருக்கும். புதிய நீதிமன்றத்துக்கு மாறியவை நிலுவையில் இருந்த வழக்குகள் மட்டுமே. அக்காவின் இரண்டாவது மனு குடும்ப நீதிமன்றத்தில் கொடுத்ததால்தான் திரும்பி வந்தது. சிதம்பரம், விருத்தாசலத்தில் நடந்த வழக்குகளுக்கும் அந்தந்த ஊர்தான், மாவட்டத் தலைநகர் என்று கடலூருக்கு வண்டி ஏறவேண்டாம். அதேபோல் காரைக்கால் வழக்குக்குக் காரைக்கால்.

கிறிஸ்தவத் திருமணத்தின் பழைய விவாகரத்து என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 2001-இல் சட்டம் திருத்தப்படும்வரை மாவட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பை உயர் நீதிமன்றம் உறுதி செய்தால்தான் அது முழுமை. அந்த உறுதி உத்தரவின் நகலும் வேண்டும். அதற்குச் சென்னைதான்.

புதுச்சேரியில் மட்டும் வரும் சங்கதி ஒன்று: பிரெஞ்சுக் குடியுரிமை. திருமணம் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறியிருந்து விவாகரத்து இங்கே நடந்தால், அது அங்கே தானாகப் பதிவாகாது. இந்தியாவில் நடந்த திருமணம் என்றால் பிரான்சின் நாந்த் நகரத்து அரசு வழக்கறிஞர் அலுவலகம் சரிபார்க்கவேண்டும். அதற்குச் சான்றிட்ட நகல், தீர்ப்பு இறுதியானதற்கான சான்று, அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு எல்லாம் கேட்பார்கள். இந்த வேலைக்கு நேரில் மனு கொடுப்பதைவிட வக்கீல் வழியே மேல், ஏனென்றால் மேல்முறையீடு இல்லை என்ற சான்றையும் சேர்த்து வாங்கவேண்டியிருக்கிறது. 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்களுக்கு இந்து திருமணச் சட்டமே பொருந்தாது. ஆகவே மேலே சொன்ன இலவச நகல் பிரிவை அவர்கள் நம்பமுடியாது.

அக்காவுக்கு மூன்றாவது மனுவில் கிடைத்தது. பழைய வக்கீலின் குமாஸ்தா வழக்கு எண்ணைத் தேடிக் கொடுத்தார், மனுவை அக்காவே கொடுத்தாள், பலகையை நான் போய்ப் பார்த்து வந்தேன். மூன்று பிரதி வாங்கினோம். ஒன்று ஓய்வூதிய விண்ணப்பத்தோடு போனது, இன்னொன்று சிதம்பரத்தில் பெரியம்மா வீட்டில் இருக்கிறது. மூன்றாவதை பாலித்தீன் உறையில் சுற்றி, பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்கிறாள்.